நிழலில் இறுகிய களிமண்: கொல்லையைத் தேற்றும் வழி

முன்பக்கம் செம்பருத்தியும் அரளியும் பூத்துக் குலுங்கும் வீடுகளில்கூடக் கொல்லைப்பக்கம் போனால் கதை வேறாக இருக்கும். ஒரு மாமரம், பக்கத்தில் ஒரு வேம்பு, மதிலோரம் மிச்சப்பட்ட செங்கல், துணி துவைக்கும் கல். ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பு சேற்றிலேயே நின்றுவிடும். சித்திரையில் கடப்பாரை போட்டால் 'டங்' என்று திருப்பி அடிக்கும். வைத்த செடி ஒரு மாதம் தலை நிமிர்ந்து நிற்கும், அப்புறம் அடி அழுகிச் சாயும். காவிரிப் படுகை ஊர்களிலும், சென்னையில் மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் போன்ற களிப்பாங்கான பகுதிகளிலும் இப்படிப்பட்ட கொல்லைகள் ஏராளம்.

'ஒரு லோடு செம்மண் இறக்குங்க, சரியாயிடும்' என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. இறக்கினால் முதல் ஆறு மாதம் நன்றாகவே இருக்கும். அடுத்த மழையில் செம்மண் வழியே இறங்கும் தண்ணீர் கீழே களியில் முட்டி நிற்கும். மேலே புதுச் சேறு, கீழே பழைய சேறு. இந்த அத்தியாயம் சொல்வது வேறு வழி. இருக்கிற களிமண்ணையே பொலபொலப்பாக்கலாம். செலவு குறைவு, பொறுமை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

வெயில் செய்யாத வேலை

களிமண் துகளின் குறுக்களவு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவு. மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். துகள் நுண்ணியதானால் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நுண்ணியதாகிவிடும். அதில் புகுந்த தண்ணீர் லேசில் வெளியேறாது. தண்ணீர் நிற்கும் இடத்தில் காற்று நுழையாது. வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். ஆகவே களிமண்ணில் சாகிற செடி பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் சாகிறது. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவும் காம்ப்ளெக்ஸும் போடுவதில் பயனில்லை. சத்தைப் பிடித்து வைப்பதில் மணலோ செம்மண்ணோ களிமண்ணின் கிட்டே வர முடியாது. தஞ்சை நெல்லும் கோவில்பட்டிக் கரிசல் பருத்தியும் விளைவது களி மிகுந்த மண்ணில்தான்.

அந்த வயல்களில் மண்ணை உடைத்துக் கொடுப்பது வெயில். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பின் வழியே காற்று அடிமண் வரை போகிறது. கோடை மழை விழுந்ததும் கட்டிகள் தாமாகவே உதிர்கின்றன. கோடை உழவு அந்த வேலைக்குத் துணை நிற்கிறது. மரத்தடியில் இது நடப்பதில்லை. மரம் உறிஞ்சுவதால் மேல்மண் கெட்டிப்படும். ஆனால் நனைந்து, நன்கு காய்ந்து, வெடித்து, உதிர்கிற சுழற்சி அரைகுறையாகவே நடக்கும். ஏர் ஓட்டவோ ஆழக் கொத்தவோ மரத்தின் வேர் விடாது.

வீட்டின் வடபுறக் கொல்லைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை சென்னையில் உச்சிப்பொழுதுச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். அப்போது வடபுறச் சுவரோரத்திலும் வெயில் படும். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். வீட்டின் நிழல் நாள் முழுக்க வடக்கே விழும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. மண் எப்போது அதிகம் நனைகிறதோ, அப்போதுதான் அங்கே வெயிலும் இல்லை.

எனவே வெயில் செய்யாத வேலையை இலை, வேர், மண்புழு ஆகிய மூன்றிடமும் ஒப்படைக்க வேண்டும். நம் பங்கு மூன்றே காரியங்கள்: தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது, மிதியை நிறுத்துவது, மண்ணுக்கு மேலிருந்து ஊட்டுவது. வரிசை மாறக் கூடாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் எரு கொட்டினால் அது மட்குவதற்குப் பதில் அழுகும்.

வேலை தொடங்குமுன் நான்கு சோதனைகள்

*நாடா சோதனை.* ஒரு கைப்பிடி மண்ணில் கல், வேர் பொறுக்கிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளும் முன் ஒடிந்தால் களி குறைவு. உங்கள் பிரச்சினை பெரும்பாலும் மிதிபட்டு இறுகியதுதான். 2.5 முதல் 5 செ.மீ. வரை நீண்டால் நடுத்தரக் களி. 5 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் கடுங்களி.

*குழிச் சோதனை.* தை அல்லது மாசியில், மரத்தின் தூரிலிருந்து தள்ளி, ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் என ஒரு குழி எடுங்கள். அதன் ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். மேலே விரல் தடிமனுக்கு வெளிறிய ஓடு, அதன்மேல் பச்சைப் பாசி. அதற்குக் கீழே தட்டுத் தட்டாகப் பிரியும் மண். மண்வெட்டி வாய் பட்ட இடம் மெழுகியதுபோல் பளபளக்கும். இன்னும் கீழே சாம்பல் கலந்த நீல நிறமும், முகர்ந்தால் சாக்கடை வாடையும் இருந்தால் அங்கே காற்று போய் வெகுகாலம் ஆகிறது என்று பொருள். அந்தச் சாம்பல் மண்ணுக்குள் மெல்லிய துருநிறக் கோடுகள் ஓடுகின்றனவா என்று தேடுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு பழைய வேர் போன தடம். வேர் செத்து மட்கிய துளை வழியே காற்று இறங்கியதால் அங்குள்ள இரும்பு துருவேறியிருக்கிறது. இந்த மண்ணில் எது துளை போடும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி அதே குழியை நிரம்பத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, மட்டத்தைக் குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் வடிகால் போதுமானது. 1 செ.மீ.க்கும் குறைவு என்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம். மறுநாளும் தண்ணீர் நின்றால் முதலில் வடிகால் வெட்டுங்கள், செடியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

*தம்ளர் சோதனை.* சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடித் தம்ளரில் மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ மெல்ல இறக்குங்கள். கலக்க வேண்டாம். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மண்ணில் மட்குப் பொருள் குறைவு. இலையும் எருவும் போதும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவியிருந்தால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கலாம், அதாவது களர்த்தன்மை. அப்படியானால் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 15 செ.மீ. ஆழத்துக்கு 'V' வடிவக் குழி எடுத்து, அதன் சுவரோரமாகச் சீவிய மண்ணை நான்கைந்து இடங்களில் சேகரித்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம்.

*வெளிச்சக் கணக்கு.* காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு வையுங்கள். மார்கழியில் ஒரு நாள், வைகாசியில் ஒரு நாள். நேரடி வெயில் 2 மணி நேரத்துக்கும் குறைவென்றால் அடர்நிழல். 2 முதல் 4 மணி நேரம் என்றால் பாதிநிழல். அங்கே சமையலுக்கு உதவும் செடிகளே நிறைய வரும்.

முதல் வேலை: தண்ணீருக்கு வழி

ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி வானமல்ல, மொட்டைமாடிக் குழாய். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். அது ஒரே மூலையில் கொட்டினால் எந்தக் களிமண்ணும் தாங்காது. அந்தக் குழாயை மழைநீர் சேகரிப்புக்குத் திருப்புங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். ஆனால் களிமண் பகுதியில் ஆழமில்லாத ஊறல் குழி சும்மா நிரம்பி வழியும். களி அடுக்கைத் தாண்டி, கீழேயுள்ள மணல் படுகையைத் தொடுகிற ஊறல் கிணறாக அது இருக்க வேண்டும்.

தரையில் தேங்குவதற்கு ஒரு சிறு வாய்க்கால் போதும். ஓர் அடி அகலம், அரையடி ஆழம்; 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்கம். கயிறு கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தே வெட்டுங்கள். கண் அளவு ஏமாற்றும். வழியில் தடித்த வேர் குறுக்கிட்டால் வாய்க்காலை வளைத்துக்கொண்டு போங்கள், வேரை வெட்டாதீர்கள். வாய்க்காலில் உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு போட்டு நிரப்பினால் நடக்கவும் உதவும், கொல்லையில் கிடக்கும் இடிபாடும் ஒழியும். சிமெண்ட் காரைத் துண்டுகளை மட்டும் வெளியே அனுப்பிவிடுங்கள். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்.

மரத்தோடு ஓர் உடன்படிக்கை

மரத்தை வெட்டிவிட்டால் வெயில் வரும். ஆனால் நமக்கு வேண்டிய இலையைத் தருவதும் அதே மரம்தான். வெட்டுவதற்குப் பதில் கீழ்க்கிளைகளைக் கழித்து, குடையை உயர்த்துங்கள். தரையிலிருந்து 8, 10 அடி வரை கிளை இல்லாமல் செய்தாலே காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே நுழையும், காற்றும் ஓடும். ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கிளைகளை எடுக்கக் கூடாது. மாமரத்துக்குக் கவாத்துக் காலம் காய்ப்பு முடிந்த ஆடி, ஆவணி. தடித்த கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் ஒடியும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

மரத்துக்கு உணவு தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி, ஒன்றரையடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆகவே தூரைச் சுற்றி ஆழக் கொத்துவதும் தவறு, முக்கால் அடி, ஓரடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மூடுவதும் தவறு. தூரைச் சுற்றி ஓரடி இடம் எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

பாத்தி பிரிப்பதும் மண்ணை நெகிழ்ப்பதும்

நனைந்த களிமண்ணில் ஒருமுறை நடந்தாலும் அதன் துளைகள் நசுங்கிவிடும். அதனால் முதலில் நடைபாதையை முடிவு செய்யுங்கள். பாத்தி மூன்றரை அடி அகலம். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடு வரை எட்ட வேண்டும். பாதை ஒன்றரை அடி. பாதையில் செங்கல் அல்லது நிலக்கடலைத் தோல். இனி பாத்தியில் யார் காலும் படக் கூடாது. பந்து எடுக்க ஓடிவரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மண்ணைத் தொடும் நாள் எது என்பதில்தான் பாதி வெற்றி. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். புட்டுக்கு மாவு பிசைகிற அதே பதம். கையில் ஒட்டினால் இன்னும் நான்கைந்து நாள் பொறுங்கள். பிடிபடவே இல்லையென்றால் முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாள் வாருங்கள். மழை ஓய்ந்தபின் தை, மாசியில் இந்தப் பதம் தானாக அமையும்.

பதம் வந்ததும் மண்ணைப் புரட்ட வேண்டாம். கடப்பாரையை 20, 25 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, லேசாக முன்னும் பின்னும் அசைத்து உருவி எடுங்கள். அரையடிக்கு ஒரு குத்து போதும். மண் சற்றே விரிசல் விட்டுத் தூக்கும். மேல்மண் மேலேயே இருக்கும், அடியிலுள்ள நீலக் களி வெளியே வராது. வேர் தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு நகருங்கள். அப்புறம் பாதையின் மேல்மண்ணை இரண்டு விரற்கடை சீவிப் பாத்தியில் போட்டால், பாத்தி உயரும், பாதை தாழும். மழையில் தண்ணீர் பாதையோடு போய்விடும். கடப்பாரை வேலை முதல் ஆண்டு ஒருமுறை செய்தால் போதும்; அடுத்தடுத்த ஆண்டுகளில் மண்புழு பார்த்துக்கொள்ளும்.

மேலிருந்து ஊட்டுதல்

நெகிழ்த்திய அன்றே மட்கிய எருவைப் பரப்புங்கள். மட்கிய தொழுவுரம், மண்புழு உரம், இலைமட்கு, மட்க வைத்த தென்னைநார்க்கழிவு எதுவானாலும் சரி. கலந்து போட்டால் இன்னும் நல்லது. 5 செ.மீ. தடிமன் வேண்டும். 15 லிட்டர் வாளியால் அளந்தால் 10 சதுர அடிக்கு 3 வாளி. 200 சதுர அடிப் பாத்திக்கு 60 வாளி, அதாவது 100 கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. மரத்தடியில் இதற்கு மேல் ஒரே தடவையில் ஏற்ற வேண்டாம். மண்ணோடு கலக்கவும் வேண்டாம். முதல் மழையும் புழுவும் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

எருவின் மேல் மூடாக்கு. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும் காலம். வேலை செய்யும் காலமும் அதுவே. தெருவில் கூட்டிக் குவித்த சருகு கேட்டாலே கிடைக்கும். பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சருகைக் கொளுத்தினால் மிஞ்சுவது ஒரு கை சாம்பல். மண்ணுக்குப் போக வேண்டிய கரியும் தழைச்சத்தும் புகையாகிவிடும்.

எல்லா இலையும் ஒரே மாதிரி மட்காது. வேம்பு, புங்கன், கிளைரிசிடியா சீக்கிரம் மட்கும். மாவிலை தாமதமாகும். நாட்டு வாதுமை இலையை அப்படியே போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தண்ணீரும் காற்றும் புகாமல் அடைத்துவிடும். கையால் கிழித்தோ அரிவாளால் நறுக்கியோ போடுங்கள். தென்னை ஓலை பாதைக்குத்தான் ஏற்றது. தடிமன் நான்கு விரற்கடைக்கு மேல் வேண்டாம். நிழலில் ஈரம் ஆறாது. அளவுக்கு மிஞ்சிய மூடாக்கு அழுகி நாறும்.

சருகு மட்க தழைச்சத்து தேவை. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ பசுஞ்சாணம் கரைத்து, மாதம் ஒருமுறை மூடாக்கின் மேல் தெளியுங்கள். ஜீவாமிர்தம் தயாரிக்கும் வழக்கமுள்ளவர்கள் அதையே ஊற்றலாம். ஒரு மழைக்காலம் கழிந்து மூடாக்கை விலக்கினால் அடியில் வெண்ணிற நூலிழைகள் படர்ந்திருக்கும். பூஞ்சை என்று பதற வேண்டாம். சருகை மட்க வைப்பவை அவைதான். பக்கத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாக மண்புழுக் கழிவும் தென்படும். புழுவை வாங்கி விட வேண்டியதில்லை. எருக்குழியில் விடப்படும் புழு இனங்கள் கொழுத்த எருவில் வாழ்பவை, வெறும் களிமண்ணில் தங்காது. உங்கள் மண்ணின் புழு, தீனியும் ஈரமும் இருந்தால் தானே வரும்.

பசுந்தாள் உரமாகச் சணப்பும் தக்கைப்பூண்டும் விதைக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டும் வெயில் விரும்பிகள். நிழலில் நூலாகிப் படுத்துவிடும். வேலி ஓரத்தில் வெயில் விழும் இடத்தில் கிளைரிசிடியா நட்டு, தழையை ஒடித்து வந்து பாத்தியில் போடுவதே இங்கே பொருத்தம்.

கொட்டக் கூடாதவை

*மணல்.* 200 சதுர அடியை அரையடி ஆழத்துக்குக் கணக்கிட்டால் மண் மட்டுமே 100 கன அடி, ஒரு யூனிட். களியின் குணம் மாற மணல் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது இன்னொரு யூனிட் மணல், அதை முழுக்கக் கொத்திக் கலக்கும் கூலி, அதில் அறுபடும் மரவேர். நாலு சட்டி மணல் மட்டும் கலந்தால் மணலின் இடைவெளியைக் களி நிரப்பி, முன்னைவிடக் கெட்டியாகும்.

*ஜிப்சம்.* களர்மண்ணுக்கு நல்ல மருந்து. தம்ளர் சோதனையில் தெளிவாக நின்ற மண்ணுக்கு அதனால் பயனில்லை. பரிசோதனை முடிவில் என்ன அளவு எழுதியிருக்கிறார்களோ அதை மட்டும் போடுங்கள்.

*சுண்ணாம்பு, சாம்பல்.* குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் களிமண்ணுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லும். அவை புளிப்பு மண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் டெல்டாக் களியும் கரிசலும் பெரும்பாலும் நடுநிலையிலோ காரப்பக்கமோ இருக்கின்றன. மேலும் சுண்ணாம்பு சேர்த்தால் இலை மஞ்சளாவதே மிச்சம்.

*மட்காத தென்னைநார்க்கழிவு, மரத்தூள்.* மண்ணோடு கலந்தால் இருக்கும் தழைச்சத்தையும் அவை இழுத்துக்கொள்ளும். பாதையில் போடலாம்.

*சமையலறைக் கழிவு.* ஈரக் களியில் குழி தோண்டிப் புதைத்தால் நாற்றமும் பெருச்சாளியும்தான் வரும். தொட்டியில் மட்க வைத்த பிறகு பாத்திக்குக் கொண்டுவாருங்கள்.

என்ன நடலாம்

முதல் ஆண்டே நடலாம். வேரும் ஒரு வேலையாள்தான். பாதிநிழலுக்குச் சேம்பும் சேனையும் முதல் தேர்வு. சேம்பு கால் நனைந்தாலும் கவலைப்படாது; தாழ்ந்த பகுதியில் வையுங்கள். சேனையைச் சித்திரை, வைகாசியில் மேடான பாத்தியில் நடுங்கள். மஞ்சளும் இஞ்சியும் நிழலைப் பொறுக்கும், தேங்கும் தண்ணீரைப் பொறுக்கா. முதல் ஆண்டு மஞ்சளை மட்டும் முயன்று பார்த்துவிட்டு, இஞ்சியை மண் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். ஈரம் மாறாத ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தாமே பரவி மண்ணை மூடும். தவசிக்கீரைக் குச்சி ஒன்று போதும், வருஷக்கணக்கில் தழை பறிக்கலாம். மதிலோரம் ஆடாதோடை, சித்தரத்தை, பூவுக்கு நந்தியாவட்டை. தண்ணீர் கடைசியாக வடியும் மூலையில் கல்வாழை. அடர்நிழலில் காய்கறி ஆசையை விட்டுவிட்டுப் பெரணி, பாம்புக்கற்றாழை, சிங்கோனியம் என்று போவதே நிம்மதி. பெரணிக்கு ஈரப்பக்கம், பாம்புக்கற்றாழைக்கு மேட்டுப்பக்கம்.

நர்சரிக் கன்று செம்மண்ணும் மணலும் கலந்த பையில் வரும். களியில் பெரிய குழி எடுத்து அதில் நல்ல மண் நிரப்பினால் சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழியில் சேரும். ஆகவே குழி கன்றின் மண்கட்டி அளவுக்கு இருந்தால் போதும். குழிச்சுவரைக் குச்சியால் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். கட்டியின் மேல்மட்டம் தரையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கட்டும். எடுத்த களியையே உதிர்த்துப் போட்டு அணையுங்கள்; எருவை மேலே போடுங்கள். தண்ணீர் ஊற்றுமுன் விரலை மூடாக்குக்குக் கீழே மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம்.

எதிர்பார்க்க வேண்டிய தொல்லைகள்

நிழல், ஈரம், சருகு மூன்றும் சேர்ந்தால் நத்தை வரும். ராட்சத ஆப்பிரிக்க நத்தை ஒரே இரவில் நாற்றை மொட்டையாக்கிவிடும். பப்பாளி இலையை ஈரச் சாக்கின் அடியில் வைத்தால் இரவில் அங்கே கூடும். காலையில் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கொட்டவும் வேண்டாம்.

கரையானுக்குப் பயந்து மூடாக்கைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டால் போதும். பாம்பு பயம் உள்ளவர்கள் செங்கல் அடுக்கையும் விறகுக் குவியலையும் முதலில் அகற்றுங்கள். எலிக்கும் தவளைக்கும் ஒதுங்க இடமில்லாமல் போனால் பாம்புக்கு அங்கே தேட ஒன்றும் இருக்காது.  வாய்க்காலில் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் நின்றால் கொசு முட்டையிடும், இறக்கத்தைச் சரிபாருங்கள்.

மாத வாரியாக வேலை

தை – மாசி: சோதனைகள், வாய்க்கால், பாத்தி பிரித்தல், பதம் பார்த்துக் கடப்பாரை.
மாசி – பங்குனி: எரு 5 செ.மீ., அதன்மேல் சருகு. உபரிச் சருகை மூன்றடிக் கம்பிவலைக் கூண்டில் அடுக்கி, சாணிக் கரைசல் தெளித்து மட்க விடுங்கள்.
சித்திரை – ஆனி: சேனை, மஞ்சள் நடவு. வாரம் ஒருமுறை ஈரம் பார்த்தல்.
ஆடி – ஆவணி: கவாத்து, சேம்பு, கீரைக் குச்சிகள். கழித்த இளந்தழையை நறுக்கிப் பாத்தியில் பரப்புதல்.
புரட்டாசி: வாய்க்காலைத் தூர்வாருதல், மாடிக் குழாய்களைச் சரிபார்த்தல், மூடாக்கைப் புதுப்பித்தல்.
ஐப்பசி – மார்கழி: பாத்தியில் கால் வைக்காதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள். மழையன்று வாய்க்கால் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஓர் ஆண்டில் மேலே மூன்று, நான்கு விரற்கடை மண் நிறம் கறுத்துப் பொலபொலப்பாகும். அரையடி வரை அந்தப் பதம் இறங்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து எருவைப் பாதியாக்கலாம். 10 சதுர அடிக்கு ஒன்றரை வாளி. ஆனால் சருகை எந்த ஆண்டும் நிறுத்தக் கூடாது. நம் வெப்பத்தில் மட்கு வேகமாகக் கரைந்துவிடும். ஊட்டுவதை விட்டால் களி பழையபடி இறுகத் தொடங்கும். உதிரும் இலை மரத்தடியிலேயே கிடக்கட்டும் என்று வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டால், பாதிக்கு மேல் வேலை முடிந்த மாதிரி.